பழைய லாரியில் டீசல் லைன் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்ககிரிப் பக்கம் டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறவன் நான். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி, நாமக்கல் தீவன லாரி, காங்கேயத்து அரிசி லோடு என்று எது வந்தாலும் சரி, புல்லிங் குறைந்துவிட்டது என்றதும் ஓனர் வாயில் முதலில் வருவது "பம்பைக் கழட்டிருங்க" என்பதுதான். கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றினால் பம்ப் நன்றாக இருக்கும். டேங்க் பக்கத்தில் ஒரு காப்பர் வாஷர் ஏர் இழுத்துக்கொண்டிருக்கும். இப்படி எத்தனையோ பார்த்தாகிவிட்டது. அதனால்தான் எங்களிடம் வரும் கேள்விகளை எல்லாம் சேர்த்து, டேங்கில் தொடங்கி, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரை எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்று எழுதுகிறேன்.

இது எந்த வண்டிகளுக்குப் பொருந்தும்?

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய லேலண்ட், டாடா வண்டிகளுக்கு. பெரும்பாலானவற்றில் லைன் பம்ப் இருக்கும். ஆறு சிலிண்டருக்கும் ஆறு எலிமென்ட், அதாவது டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு, வரிசையாக நிற்கும். சிலவற்றில் ரோட்டரி பம்ப் இருக்கும். லைன் பம்பை நம் ஊரில் இன்றும் மைக்கோ பம்ப் என்றே சொல்கிறோம். 1951-ல் தொடங்கிய அந்த பெங்களூர் கம்பெனியின் பெயர் 2008-ல் பாஷ் என்று மாறியது, பழைய பெயர் பட்டறைகளில் அப்படியே நின்றுவிட்டது.

எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் காமன் ரெயில் வண்டிக்கு இதில் சொல்லும் எதையும் செய்யாதீர்கள், அதிலும் ஓடும் இன்ஜினில் பைப் நட்டைத் தளர்த்தும் வேலை கூடவே கூடாது. அந்த ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் ஏறும்.

டீசல் எந்த வழியாகப் போகிறது? அது தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டேங்கிலிருந்து டீசலை இழுப்பது, பெரிய பம்பின் (மேலே சொன்ன லைன் பம்பின்) பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஃபீட் பம்ப். கைப்பம்ப் அதன் தலையில்தான் இருக்கும். அது இழுத்த டீசலை இரண்டு ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்குத் தள்ளும். பெரிய பம்ப் அதை அளந்து, இரும்புப் பைப் வழியாக நாசிலுக்கு அடிக்கும். மிச்ச டீசல் ஓவர்ஃப்ளோ வால்வ் வழியாக ரிட்டர்ன் லைனில் திரும்பும்.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை இழுவைப் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபீட் பம்பைத் தாண்டினால் தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் ஈரம் தெரியும், தூசி பிடித்துக் கறுப்பாகப் படிந்திருக்கும். ஈரம் தெரிகிற இடத்தை எந்த கிளீனர் பையனும் கண்டுபிடித்துவிடுவான். ஆளைச் சுற்றவிடுவது, காய்ந்து சுத்தமாகத் தெரிகிற இழுவைப் பக்கம்தான்.

"காலையில கைப்பம்ப் அடிச்சாத்தானுங்க ஸ்டார்ட் ஆகுது. ஒருக்கா ஸ்டார்ட் ஆயிட்டா நாளெல்லாம் ஓடுது." ஏன்?

ராத்திரி வண்டி நிற்கும்போது லைனில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. காலையில் ஃபீட் பம்ப் வெறும் காற்றை இழுக்கிறது. ஒருமுறை நிரம்பிவிட்டால், உள்ளே வரும் கொஞ்சக் காற்றைச் சமாளித்துக்கொண்டு இன்ஜின் ஓடிவிடும்.

பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கைப்பம்பின் பிடி. அடித்து முடித்ததும் அதைக் கீழே அழுத்தித் திருகி மூட வேண்டும். பாதியில் விட்டிருந்தால் அதுவே காற்றுக்கு வாசல். அடுத்து ஃபீட் பம்பில் டீசல் நுழையும் இடத்து சின்னக் கண்ணாடிக் கிண்ணம் அல்லது ஜாலி. அதன் ரப்பர் காய்ந்து தட்டையாகியிருக்கும். அப்புறம் லைனை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் இரண்டு பக்கத்துக் காப்பர் வாஷர். நகத்தால் தடவிப் பாருங்கள், பழைய போல்ட்டின் வட்டத்தடம் பள்ளமாக விழுந்திருந்தால் அந்த வாஷர் மறுபடி உட்காராது. அடுத்து ரப்பர் ஹோஸ். வளையும் இடத்தில் மடக்கிப் பார்த்தால் முடி போல வெடிப்புகள் தெரியும். ஃபீட் பம்புக்குள் இருக்கும் வால்வுகளில் தூசி மாட்டினாலும் டீசல் பின்னால் இறங்கும்.

டேங்க் நிரம்ப இருக்கும்போது தொந்தரவு இல்லை, கால் டேங்க் ஆனதும் தொடங்குகிறது என்றால், டேங்குக்குள் இறங்கும் சக்‌ஷன் குழாயிலேயே விரிசல் இருக்கலாம். இதை வெளியே நின்று எவ்வளவு தேடினாலும் காண முடியாது, குழாயைக் கழற்றி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு சோதனை உண்டு. ஒன்று, ஃபீட் பம்புக்கு வரும் லைனில் ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் டியூப் இணைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். நல்ல லைனில் டீசல் ஓடுவதே கண்ணுக்குத் தெரியாது, குழாய் வெறும் மஞ்சளாக நிற்கும். ஏர் இழுக்கும் லைனில் கடுகு அளவில் குமிழிகள் வரிசையாக ஓடும், ரேஸ் கொடுத்தால் பச்சரிசி அளவுக்குப் பெருக்கும். இரண்டாவது, டேங்க் லைனையே கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் உள்ள கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஹோஸ் போடுவது. கோளாறு மறைந்தால் பிழை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். மறையவில்லை என்றால் ஃபீட் பம்பிலோ அதற்கு அப்பாலோ. அரை மணி நேர வேலை இது. பம்பை இறக்குவதற்கு முன் இதைச் செய்யாத மெக்கானிக்கிடம், ஏன் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஜாயிண்டில் டெஃப்லான் டேப்பும் பசையும் போடாதீர்கள். அந்த நார் பிய்ந்து உள்ளே போனால், அடுத்து ஓவர்ஃப்ளோ வால்விலோ எலிமென்ட்டிலோ போய் மாட்டும்.

லைனில் புகுந்த ஏரை வெளியே எடுப்பது எப்படி?

டீசல் வரும் வரிசையிலேயே எடுங்கள். முதல் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்ப் அடியுங்கள். நுரை வரும், பிறகு நுரையும் டீசலுமாக வரும், கடைசியில் குமிழியே இல்லாத டீசல் வழியும். வழியும்போதே ஸ்க்ரூவை மூடுங்கள். அப்புறம் இரண்டாவது ஃபில்டர், அதன்பின் பெரிய பம்பின் ஸ்க்ரூ. நாசில் பைப் எல்லாம் காலியாகிவிட்டால், நாசில் பக்கத்து நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். செல்ஃபை ஒரு மூச்சில் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், மோட்டார் வெந்துவிடும்.

புது ஃபில்டர் போடும்போது கேன் டீசலை அதற்குள் நேராக ஊற்றி நிரப்பும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. ஊற்றும் டீசலில் உள்ள தூசி, வடிகட்டிய பக்கத்துக்கே போய்விடும். எலிமென்ட்டுக்கும் அதன் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் இரண்டு மூன்று பங்கு. கை வலித்தாலும் கைப்பம்பாலேயே நிரப்புங்கள்.

ஏற்றத்தில் மூச்சு முட்டி நிற்கிறது. பத்து நிமிடம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகிறது. பம்ப் போய்விட்டதா?

ஈரோட்டில் லோடு ஏற்றிச் சாமராஜநகர் போன ஒரு ஆறு சக்கர வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். சத்தியமங்கலம் வரை ஒரு குறையும் இல்லை. பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறத் தொடங்கி, ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு போனதும் வண்டி இழுத்து இழுத்து நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆகும், இரண்டு மூன்று வளைவு போகும், மறுபடி நிற்கும். இருப்பதோ 27 வளைவு. ரோட்டோரத்திலேயே இரண்டு ஃபில்டரையும் மாற்றியும் சரியாகவில்லை. டிரைவர் போன் செய்தார். "டேங்க் மூடியைத் தொறங்ணா, போனை அங்கயே பக்கத்துல வைங்க" என்றேன். மூடி திரும்பியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்த சத்தம் இங்கே எனக்கே கேட்டது.

மூடி லூசாக இருந்து வளைவில் டீசல் தளும்புகிறது என்று, முந்தின நாள் ஒரு பாலித்தீன் கவரை மடித்து வைத்து இறுக்கியிருக்கிறார்கள். மூடியில் உள்ள மூச்சுத் துளையை அது அடைத்துவிட்டது. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் கூடி, ஃபீட் பம்பால் இழுக்க முடியாமல் போகும். சமதளத்தில் டீசல் மெதுவாகச் செலவாவதால் இது தெரியவில்லை. ஏற்றத்தில் குடிக்கும் வேகத்துக்குத் தாங்கவில்லை. நிறுத்தினால் இடுக்கு வழியாகக் காற்று மெல்லப் புகுந்து சரியாகிவிடும். கவரை எடுத்துப் போட்டதும் வண்டி மேலே போய்ச் சேர்ந்தது.

இதே மாதிரி நிற்கும், ஆனால் உஸ் சத்தம் இல்லை என்றால், டேங்கின் அடியில் கிடக்கும் சருகோ பாலித்தீன் துண்டோ கசடோ சக்‌ஷன் குழாய் வாயில் போய் ஒட்டுகிறது. வண்டி நின்றதும் இழுவை நின்று, அது விழுந்துவிடும். லைனை ஃபீட் பம்பில் கழற்றி டேங்க் பக்கமாக ஊதிப் பாருங்கள். தடை இல்லாமல் உள்ளே குமிழி விடும் சத்தம் வர வேண்டும். அடைப்பு இருந்தால் டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் வழி. ஊதித் தள்ளியது அடுத்த ஏற்றத்தில் மறுபடி வந்து ஒட்டும்.

லோடில் மட்டும் புல்லிங் இல்லை. காலி வண்டி நன்றாகப் போகிறது.

காசு செலவில்லாத சோதனையில் தொடங்குங்கள். ஒருவர் கேபினில் ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்கட்டும், நீங்கள் பம்பின் லீவரைப் பாருங்கள். லீவர் போய் ஸ்டாப் ஸ்க்ரூவை முட்ட வேண்டும். முட்டாமல் விரலளவு பாக்கி இருந்தால், கோளாறு பெடல் புஷ்ஷிலோ ராடிலோ இருக்கிறது. அடுத்து இன்ஜின் ஆஃப் கேபிள். அது துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நின்றால், பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் பாதி மூடியபடியே வண்டி ஓடும். இது இரண்டுக்கும் கிரீஸும் ஸ்பேனரும் போதும்.

அடுத்தது ஃபில்டர், ஏர் ஃபில்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏர் ஃபில்டர் அடைத்தால் கரும்புகையோடு புல்லிங் போகும், டீசல் ஃபில்டர் அடைத்தால் பெரும்பாலும் புகையே இல்லாமல் போகும். அதற்கும் பிறகு ஃபீட் பம்பின் பிஸ்டன், ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்ந்தால் டீசல் பம்புக்குள் நிற்காமல் ரிட்டர்னிலேயே ஓடிவிடும். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் நாசில், டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), கடைசியாகப் பம்ப்.

புல்லிங் இல்லை என்று பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டித் தரும் வேலையை நான் செய்வதில்லை. கொஞ்ச நாள் வண்டி பறக்கும். அப்புறம் பிஸ்டன் உருகி வரும்.

புகையை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

கருப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், பீய்ச்சாமல் சொட்டும் நாசில் ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்து கண் எரிந்தால், டீசல் எரியாமலே வெளியேறுகிறது. டைமிங் பிந்தியிருக்கலாம், கம்ப்ரெஷன் குறைந்திருக்கலாம், லைனில் ஏர் இருக்கலாம். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் வெள்ளை வந்து நின்றுவிட்டால் கவலை வேண்டாம். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், அது ஹெட் கேஸ்கெட் விஷயம். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. பின்னவை இரண்டுக்கும் டீசல் லைனில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மிஸ்ஸிங் அடிக்கிறது. எந்த சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். வேலை செய்யும் சிலிண்டர் என்றால் சத்தம் உடனே இறங்கி இன்ஜின் ஆடும். எதைத் தளர்த்தும்போது மாற்றம் இல்லையோ, அதுதான் படுத்திருக்கும் சிலிண்டர். அந்த நாசிலையும் நல்ல சிலிண்டர் நாசிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு நாசிலோடு சேர்ந்து நகர்ந்தால் நாசில்தான். நகராவிட்டால் வால்வ், கம்ப்ரெஷன், அல்லது பம்பில் அந்த எலிமென்ட்டும் டெலிவரி வால்வும். நாசிலை மறுபடி மாட்டும்போது அடியில் புதுக் காப்பர் வாஷர் கட்டாயம்.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணி போர்த்தி இதைச் செய்யுங்கள். பழைய இன்ஜின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் பெரும்பாலும் 200 முதல் 250 பார் வரை. நாசில் பீய்ச்சும்போது விரலைக் கொண்டுபோனால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் வெளியே தெரியும், பெரிதாக வலிக்கக்கூடச் செய்யாது. உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டிவரும். அப்படி நடந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சூடான பிறகு டீ குடிக்க நிறுத்தினால் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

இதுதான் பம்ப் மேல் நியாயமாகச் சந்தேகப்பட வேண்டிய இடம். டீசல் சூடானால் நீர்த்துவிடும். தேய்ந்த எலிமென்ட்டின் இடுக்கில் அது நழுவிவிடுவதால், செல்ஃப் அடிக்கும் மெதுவான சுற்றில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் ஏறாது. ரோட்டரி பம்பில் இது இன்னும் அதிகம். இன்ஜினை நிறுத்தியிருக்கும்போது பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, இருபது நிமிடம் ஆறவிட்டு அடித்துப் பாருங்கள். சட்டென்று ஸ்டார்ட் ஆனால் தேய்மானம்தான். ஓடும் பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், உள்ளே பிடித்துக்கொள்ளும்.

டீசலில் தண்ணீர் எப்படி வருகிறது?

பாதி டேங்கோடு ராத்திரி நிற்கும் வண்டியில், குளிர்ந்த டேங்கின் உள்சுவரில் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது அதிகம். மூடி ரப்பர் போன வண்டியில் மழைத்தண்ணீரே நேராக இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். அந்த எல்லையில் ஒருவகைக் கிருமி வளர்ந்து, கறுத்த கொழகொழப்பாக ஃபில்டரை மூடும். ரிக் வண்டிகள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் அவற்றில் இதை நிறையப் பார்க்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். இரண்டு நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் முத்து முத்தாகப் பிரிந்து நிற்கும். வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். முடிந்தால் ராத்திரி நிறுத்தும் முன் டேங்கை நிரப்புங்கள்.

"2020-க்கு அப்புறம் டீசல் மாறினதுல பழைய பம்ப் எல்லாம் போகுதுங்களா?"

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க, புகைக் கட்டுப்பாட்டு விதியின்படி பிஎஸ் 6 டீசல் வந்தது. கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறங்கியது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறையும் என்பது உண்மைதான், அதற்கென்றே வேறு மருந்து சேர்க்கிறார்கள். பிஎஸ் 4-க்கு இருந்த அதே வழுவழுப்பு வரம்புதான் இதற்கும். அதனால் பங்க் டீசல் பம்பைத் தின்னாது. நாள்பட்டுக் கெட்டியான பழைய ரப்பர் ஓ-ரிங்குகள் டீசல் மாறும்போது சுருங்கிக் கசிவதுண்டு. ஒருமுறை ரப்பர் செட்டை மாற்றினால் முடிந்தது.

பம்பை உண்மையிலேயே கொல்வது மண்ணெண்ணெய்க் கலப்பும், விலை குறைவு என்று ரோட்டோரம் கேனில் வாங்கும் சரக்கும்தான். பம்புக்கு எண்ணெய் போடுவதே டீசல்தான், எலிமென்ட்டுக்கு வேறு ஆயில் கிடையாது.

இன்ஜின் ஆயில் அளவு தானாகக் கூடுகிறது.

வண்டியை எடுக்காதீர்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாசம் அடித்து, விரலில் தேய்த்தால் பிசுக்கில்லாமல் நீர்த்திருந்தால், ஃபீட் பம்ப் வழியாகவோ தேய்ந்த எலிமென்ட் வழியாகவோ டீசல், இன்ஜின் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும். ஃபீட் பம்பை முதலில் பாருங்கள், செலவு குறைவு.

ஐடிலிங்கில் ஏறி ஏறி இறங்குகிறது.

முதலில் ஏர். ஏர் இல்லையென்றால் ரேக் இறுகியிருக்கிறது அல்லது இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தேய்ந்திருக்கிறது. அது பம்ப் கடை வேலை.

ஆஃப் செய்தும் நிற்காமல் ரேஸ் ஏறிக்கொண்டே போனால்?

நின்ற வண்டி என்றால் பிரேக்கை முழுதாக அழுத்தி, டாப் கியரில் போட்டு கிளட்சை விடுங்கள். முடியாவிட்டால் ஏர் இன்டேக் வாயைத் தட்டையான பலகையால் மூடுங்கள். கையாலோ துணியாலோ மூடக் கூடாது, இழுத்துக்கொள்ளும். இரண்டும் முடியாது என்றால் எல்லோரும் இன்ஜினைவிட்டு விலகி நில்லுங்கள். இன்ஜின் போனாலும் போகட்டும்.

கடைசியில் பம்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் என்ன கேட்க வேண்டும்?

கழற்றும் முன் பம்பையும் சுற்றியுள்ள இடத்தையும் டீசலால் கழுவச் சொல்லுங்கள். டைமிங் குறிகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பைப் வாய்கள் எல்லாவற்றுக்கும் மூடி போடச் சொல்லுங்கள். நூல் உதிரும் வேஸ்டை அடைத்து வைக்கக் கூடாது. கடையில், பிரிக்கும் முன் பெஞ்சில் ஏற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் எத்தனை சிசி வருகிறது என்று எழுதி வாங்குங்கள், முடித்த பின்பும் அதேபோல. நேரில் நில்லுங்கள். நாசிலைக் கை டெஸ்டரில் அடிக்கும்போது பனி போலப் பரவ வேண்டும், கரகரவென்று சத்தம் வர வேண்டும், நின்றபின் நுனியில் சொட்டு நிற்கக் கூடாது. மாற்றிய பழைய எலிமென்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள். பம்பை மாட்டுவதற்குள் டேங்கையும் லைனையும் கழுவி, ஃபில்டரைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய பம்பைக் கெடுத்த அழுக்கு இன்னும் டேங்கில்தான் கிடக்கிறது.

வண்டியில் எப்போதும் என்ன வைத்திருக்க வேண்டும்?

இரண்டு டீசல் ஃபில்டர், அவற்றின் ரப்பரோடு. அளவு பார்த்து வாங்கிய காப்பர் வாஷர் பத்து. ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், நாலு கிளாம்ப். ஒரு முழம் தெளிந்த டியூப். உங்கள் பைப் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர். மூடியோடு ஒரு ஐந்து லிட்டர் கேன், டீசல் தவிர வேறு எதையும் அதில் ஊற்றியிருக்கக் கூடாது.